ஏழால் வகுத்தால் மிச்சம் நாலு

நாலாம் லயம், சேரங்கோடு
5.6.2000

பாண்டியனுக்கு அக்கா ஆண்டாயி எழுதுவது.

சுகம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, முத்து முத்தாக ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்தக் கையெழுத்தைத்தான் பிரியா நேற்று குன்னூரிலிருந்து மழையில் நனைந்தபடி கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

பழுப்புத் தாள். மேலே ஏழுகூறு மன்றம் என்று அச்சடித்திருக்கிறது. கீழே நீ எழுதியது: "எ. பிரியா. பிறந்த தேதி 3.2.1982. மேலோங்கிய கூறு நான்கு: ஆசை, கோபம். மேல் மூன்று கூறுகளும் திறக்கவில்லை. நோயாளிகளைப் பராமரிக்கும் பணிக்குத் தகுதியில்லை. தையல் வகுப்புக்கு அனுப்பலாம்." அதன் கீழே பாண்டியன், உதவியாளர் என்று கையெழுத்து. தாய்மாமன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஊரே படித்துச் சிரித்திருக்கும்.

தோட்டத்துப் பெண்பிள்ளைகளில் ஆறு பேரை வருஷா வருஷம் இலவசமாக நர்சு படிக்க வைக்கிற டிரஸ்டுக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்து இருபது மார்க் வாங்கியவள் இந்த நாலு லயத்து வரிசை வீடுகளிலும் இவள் ஒருத்திதான். போன வருஷம் இசக்கியம்மா கொழுந்துக் காட்டில் மயங்கி விழுந்தபோது கூடலூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கூடவே இருந்து மலம் மூத்திரம் எடுத்தவள் இவள். இசக்கியம்மா நமக்கு ஒட்டா உறவா? நர்சு வேலைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

டிரஸ்ட் அம்மாள் உங்கள் மன்றத்து லிங்கசாமி ஐயாவின் பக்தை, அதனால் உங்கள் தாள் இல்லாமல் சீட்டு இல்லை என்றார்கள். மாமா அங்கேதானே இருக்கிறார் என்று இவளும் தைரியமாகத்தான் போனாள். வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா என்னைய நிமிந்துகூடப் பாக்கலம்மா. தேதியக் கேட்டாரு, கூட்டுனாரு, எழுதிட்டாரு."

என்ன கூட்டினாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுது.

ஆண்டாயி


ஏழுகூறு மன்றம், குன்னூர்
10.6.2000

அன்புள்ள தமக்கையார் அவர்களுக்கு ஒளி வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தாங்கள் அறியாத ஒன்றின்மேல் கோபப்படுகிறீர்கள்.

மனிதன் என்பவன் ஒரே பொருள் அல்ல. ஏழு கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவன். ஊன், அதை ஓட்டும் மூச்சு, மூச்சுக்குத் துணையான நிழல், நிழலைப் பிடித்து இழுக்கும் ஆசை. இந்த நான்கும் கீழ்க்கூறுகள். சாவோடு இவை கரைந்துபோகும். மேலே மனம், அறிவு, ஒளி என்று மூன்று. அவை கரைவதில்லை. எல்லாரிடமும் ஏழும் உண்டு, ஆனால் ஒருவரிடம் எது திறந்திருக்கிறது என்பது பிறப்பிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. பிறந்த தேதியின் இலக்கங்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் மிச்சமே அந்தக் கூறு. மிச்சம் இல்லையென்றால் ஏழாம் கூறு. ஐயா முப்பது ஆண்டுகள் கோயமுத்தூர் மில் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் தேதிகளையும் குணங்களையும் ஒப்பிட்டுக் கண்டறிந்த முறை இது.

பிரியாவுக்கு நான்கு வந்தது. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். என் அக்காள் மகள் என்பதால் நான்கை ஐந்து என்று எழுதினால், மற்ற முப்பத்தொன்பது பெண்களுக்கும் நான் செய்வது துரோகம் அல்லவா?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை விலை சரிந்து எங்கள் தொழிற்சாலையைப் பூட்டியபோது, பதினோரு வருடம் எடை எழுதிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் குன்னூர்க் கடைவீதியில் அலைந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஐயா ஒருவர்தான் கூப்பிட்டு, உட்கார வைத்து, தேதியைக் கேட்டார். 5.4.1969 என்றேன். கூட்டினார். முப்பத்து நான்கு. ஏழால் வகுத்தால் மிச்சம் ஆறு. அறிவு. "தம்பி, லயத்துல பொறந்தவருக்கு ஆறு தொறந்து நான் பாத்ததே இல்லைங்க" என்று எழுந்து நின்று சொன்னார். அக்கா, என் வாழ்க்கையில் எனக்காக எழுந்து நின்ற முதல் மனிதர் அவர். ஒவ்வொரு பௌர்ணமிக் கூட்டத்திலும் என் தேதியைச் சபைக்குச் சொல்லி எல்லாரையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார். அதைக் கொச்சைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தையலும் கௌரவமான தொழில்தான்.

தங்கள்
பாண்டியன்


நாலாம் லயம், சேரங்கோடு
15.6.2000

பாண்டியனுக்கு,

எப்போதிலிருந்து நான் 'தாங்கள்' ஆனேன்? என் இடுப்பில் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிடித்து ஆய்ந்தவன் நீ. 'தமக்கையார்' என்று வாசித்ததும் பிரியா அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாள். அழுது ஓய்ந்து ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள், அதற்காக உனக்கு ஒரு கும்பிடு.

உன் ஏழு கூறையும் மூன்று தடவை படித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் படித்தது ஏறாத மண்டை இல்லை. எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கீழ் நாலு, மேல் மூன்று என்று யார் கோடு கிழித்தார்கள்? கோடு கிழித்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? உங்கள் ஐயா மில் தொழிலாளியின் தேதியையும் குணத்தையும் ஒப்பிட்டாராம். மில் முதலாளியின் தேதியை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

எங்களைக் கூறு போடுவது புதிசில்லை தம்பி. நாம் சிலோனில் இருந்தபோது கொழுந்து கொஞ்சம் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரைக் கூலிதான் போடுவார்கள். காலையிலிருந்து மலையில் நின்றவள் முழு மனுஷியாகத்தான் நின்றாள், செக்ரோல் பதிவேட்டில் மட்டும் பாதி ஆளாகிவிடுவாள். அம்மா எத்தனை நாள் அரைப் பேராக வீட்டுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீங்கள் அதை இன்னும் நைசாக ஏழாக அறுக்கிறீர்கள்.

ஆசை, கோபம் என்று இளக்காரமாக எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குக் கோபம் இல்லாவிட்டால் நாம் கப்பலில் வந்து இறங்கிய மண்டபம் முகாமிலேயே மண்ணோடு மண்ணாகப் போயிருப்போம். பிரியாவுக்குக் கோபம் வரும், ஆமாம். இசக்கியம்மாவுக்கு ஜீப் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்று கத்தினவள் அவள்தான். அந்தக் கத்தலில்தான் ஜீப் வந்தது. அமைதியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் பிணம்தான் போயிருக்கும்.

இங்கே வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. உன் மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறார். இவள் ஒருத்தி இந்த மலையை விட்டு மேலே ஏறினால் போதும் என்று நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அந்த நர்சு சீட்டு. உனக்கு அது ஒரு மிச்சம்.

25 ஆம் தேதி ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு மன்றத்துக்கு வருகிறேன். உன் ஐயாவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்.

ஆண்டாயி


ஏழுகூறு மன்றம், குன்னூர்
27.6.2000

அக்கா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுதவே எனக்கு விருப்பமில்லை. தியான நேரத்தில் ஈரச் செருப்போடு மண்டபத்தில் நுழைந்தீர்கள். ஐயா அதற்கும் முகம் சுளிக்கவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க, காப்பி குடிங்க" என்றுதான் சொன்னார். நீங்களோ உட்காராமல் நின்றபடி, "என் மக உசரமா, குட்டையா, கறுப்பா, செவப்பா? உங்க தாளை எழுதினவனுக்கு அதாச்சும் தெரியுமாங்கய்யா?" என்று கேட்டீர்கள். அறுபது பேர் முன்னால்.

ஐயா சொன்ன பதிலை நீங்கள் காதில் வாங்கவே இல்லை. "ஏனுங்கம்மா, தராசு மூஞ்சியைப் பாத்தா நிறுக்குது? இது யாரையும் மட்டம் தட்டறதுக்கு இல்லைங்க. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க நிம்மதியா இருக்கோணும்னுதான்." எவ்வளவு கனிவாகச் சொன்னார். அதற்கு நீங்கள், "எங்க எடத்த நீங்க எதுக்குங்கய்யா பாக்கிறீங்க" என்று கேட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். நான் ஏன் பேசவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இரத்தப் பாசமும் நான்காம் கூறுதான். அதை நான் தாண்டியாக வேண்டும்.

பிரியா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முயல்கிறேன்.

வருகிற ஜூலை 16, ஞாயிறு, பௌர்ணமி. அன்று டிரஸ்ட் அம்மையாரின் முன்னிலையில் தேர்வு பெற்ற ஆறு பெண்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அதே சபையில் எனக்குத் தீட்சை. பாண்டியன் என்ற பெயரைக் களைந்துவிட்டு மதியொளி என்ற பெயரைத் தரப்போகிறார்கள். லயத்தில் பிறந்த ஒருவன் ஆறாம் கூறு வரை வந்தான் என்பதற்கு நானே சாட்சியாக நிற்கப்போகிறேன்.

தயவுசெய்து அன்று வரவேண்டாம்.

பாண்டியன்


நாலாம் லயம், சேரங்கோடு
1.7.2000

தம்பி,

பாண்டியன் என்ற பெயரைக் களையப்போகிறாய் என்று படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சாகிறபோது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள், யாருக்கும் சொல்லக்கூடாது, உனக்கு முக்கியமாகச் சொல்லக்கூடாது என்று. நாலு வருஷமாகக் காப்பாற்றினேன். இன்றைக்கு உடைக்கிறேன். பாவம் என்மேலே வரட்டும்.

அந்தப் பெயர் களைவதற்கு உன்னுடையது இல்லை.

பாண்டியன் உன் அண்ணன். எனக்கு அடுத்துப் பிறந்தவன். 5.4.1969 அவன் பிறந்த நாள். எழுபதாம் வருஷம் ஆரம்பத்தில் அப்பா இந்தியாவுக்குப் போக மனுப் போட்டபோது எங்கள் இரண்டு பேர் பெயரும் அதில் ஏறியது. நீ அப்போது பிறக்கவே இல்லை. அந்த வருஷக் கடைசியில்தான் பிறந்தாய். உனக்குச் செல்லதுரை என்று பெயர் வைத்தோம். அம்மா கடைசி வரை உன்னைத் துரை, துரை என்று கூப்பிட்டாளே, செல்லமாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாய். உன் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. கோதுமை மா இல்லை, அரிசி இல்லை. மரவள்ளி இலையை அவித்துத் தின்றோம். பாண்டியனுக்கு வயிறு நிற்கவில்லை. ஐந்து வயசு. நீ அவன் பக்கத்திலேயே ஒரே சாக்கில் படுத்திருந்தாய். விடிந்து பார்த்தால் நீ மட்டும் எழுந்தாய்.

அடுத்த வருஷம் கப்பலுக்குப் பேர் வந்தது. காகிதத்தில் செத்தவன் இருக்கிறான், உயிரோடு இருக்கிற உன்னைக் காணோம். உன்னைச் சேர்க்க மனுப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்றார்கள். இருந்தால் இன்னொரு பிள்ளையும் போய்விடும் என்று அம்மா பயந்தாள். அப்பாதான் சொன்னார்: "பாண்டியன்னு இவனக் கூட்டிட்டுப் போயிருவோம். செத்த புள்ள அண்ணனா இருந்து இவனக் கரை சேர்க்கட்டும்."

உனக்கு நாலரை வயசு. தலைமன்னார் வரைக்கும் ரயிலில் உன்னைப் பழக்கியது நான். "ஒம் பேரு என்ன?" என்று கேட்பேன். நீ செல்லதுரை என்பாய். தொடையில் கிள்ளுவேன். பாண்டியன் என்று சொன்னால் ஒரு துண்டு கருப்பட்டி. கப்பல் ஏறுவதற்குள் நீ தேறிவிட்டாய். முகாமில் ஆபீசர் உன்னைப் பார்த்து, "ஆறு வயசா இது?" என்று கேட்டார். "பஞ்சத்துல வளந்த புள்ளைங்கய்யா" என்றாள் அம்மா. அவர் வேறெதுவும் கேட்காமல் முத்திரை குத்திவிட்டார்.

உன் தேதி 5.12.1970. உனக்குத்தான் கூட்டல் கைவந்த கலையாயிற்றே, கூட்டிப் பார். நான் கூட்டிவிட்டேன். இருபத்தைந்து. ஏழால் வகுத்தால் மிச்சம் நாலு. என் மகளுக்கு வந்த அதே நாலு.

அறிவு திறந்தவன் என்று உன்னை எழுப்பி நிறுத்திய ஆறு, ஒரு செத்த பிள்ளையின் ஆறு. அதற்காக உனக்கு அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும், தொழிற்சாலையில் உன் எடையில் ஒரு கிராம் தப்பியது கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். நாலு என்றால் தகுதியில்லை என்றால், பௌர்ணமியன்று அந்த மேடையில் நிற்க உனக்கும் தகுதியில்லை. உனக்குத் தகுதி உண்டென்றால் என் மகளுக்கும் உண்டு. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு. உன் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், சர்ட்டிபிகேட் எல்லாம் அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

அக்கா


குன்னூர்
5.7.2000

இது பொய். உங்கள் மகளுக்குச் சீட்டு வாங்குவதற்காக, செத்துப்போன அம்மாவையும் இல்லாத ஒரு பிள்ளையையும் இழுத்து வந்து கதை கட்டியிருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் இறங்குவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இனி எழுத வேண்டாம்.

பாண்டியன்


நாலாம் லயம், சேரங்கோடு
9.7.2000

தம்பி,

ஆதாரம் இல்லை. உன் பிறப்புச் சீட்டைக் கப்பலில் அப்பா கடலில் போட்டுவிட்டார், பெட்டியைச் சோதித்தால் மாட்டிக்கொள்வோம் என்று. பாண்டியனைப் புதைத்தது பதுளைப் பக்கம் பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்கு மேலே ஒரு கொய்யா மரத்தடியில். அங்கே போய்த் தோண்டவா சொல்கிறாய்?

உன்னிடமே ஒன்று இருக்கும். கருப்பட்டி உனக்கு ஏன் ஆகாது என்று யோசித்துப் பார். பொங்கலுக்கு எல்லோரும் தின்பார்கள், நீ மட்டும் தட்டைத் தள்ளிவிட்டுத் தொடையைத் தடவுவாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அப்போதெல்லாம் அழுகை வரும்.

இரண்டாவது விஷயம். போன கடிதத்தைப் பிரியா படித்துவிட்டாள். நான் தபாலில் சேர்க்கும் முன்பே எடுத்துப் படித்திருக்கிறாள், திமிர் பிடித்தவள். படித்துவிட்டு என்னைப் பிடித்து உலுக்கினாள். "மாமாவ மெரட்டி ஒரு சீட்டு வாங்கித் தருவியா நீ? அந்தத் தாள்ல அவரு ஆறுன்னு மாத்தி எழுதிக் குடுத்தாலும் எனக்கு வேணாம். நாலுன்னே இருக்கட்டும். நாலோடயே நான் நர்சாவேன், பாத்துக்க." கவர்மெண்டு காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கக் கூடலூர் போயிருக்கிறாள். இந்த வருஷம் கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினால், அடுத்த வருஷத்துக்கு இப்போதே பேர் எழுதிக்கொள் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

அதனால் நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உன் மேடையில் ஏறி மதியொளி ஆகிக்கொள். ஆனால் நான் எழுதியது பொய் என்று மட்டும் இன்னொரு தரம் சொல்லாதே. அவனைப் பொய் என்று சொல்லாதே.

ஆண்டாயி


நடுவட்டம்
17.7.2000

அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் சமையலறைக்குப் போய் ஒரு துண்டு கருப்பட்டி கேட்டு வாங்கி வாயில் போட்டேன். துப்பிவிட்டேன். என் கை தானாகவே தொடைக்குப் போனது.  வேறு ஆதாரம் எனக்கு வேண்டாம் அக்கா. போன கடிதத்தில் நான் எழுதியதை மன்னித்துவிடு.

அன்று சாயங்காலமே ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். "ஏனுங்க தம்பி, இதுக்குப் போயிக் கலங்கறீங்க? அந்தப் பையன் போகையில அவனோட ஆறாம் கூறு போறதுக்கு எடமில்லாம நின்னிருக்குமுங்க. நீங்க அவம் பேரைச் சொன்னதும் உங்களுக்குள்ள வந்துருச்சு. இதை விட அத்தாட்சி வேணுமா? பௌர்ணமியன்னிக்கு இதையும் சேத்திச் சொல்லலாமுங்க."

பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் ஆறாகவே இருக்கலாம். எல்லாம் சரியாகிவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை அக்கா, அதை நம்பித்தான் சொன்னார். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டேன், "பிரியாவுக்கும் அப்படி ஏதாவது வந்து சேர வழி உண்டுங்களா ஐயா?" என்று. அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு அப்படி ஆரும் சாகலீங்களே."

என் அண்ணன் செத்தது எனக்கு ஒரு நம்பர் தேடித் தருவதற்காக என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆனாலும் ஓடவில்லை. பௌர்ணமி வரை இருந்தேன்.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. டிரஸ்ட் அம்மாள் முன் வரிசையில். ஆறு பெயர்கள் எழுதிய தாள் அவர் மடியில். ஐயா என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "இந்தத் தம்பி லயத்துல பொறந்தவரு. தேதியைச் சொல்லுங்க தம்பி. எல்லாரும் கூட்டிப் பாருங்க." வழக்கமாக நான் சொல்வேன், சபை வாய்விட்டுக் கூட்டும், ஆறு என்று ஒரே குரலில் முடியும். நேற்று நான் சொன்னேன்: "அஞ்சு, பன்னெண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது."

பழக்கத்தில் கூட்டிக்கொண்டே போனார்கள். பின்னால் ஒருவர், "நாலு வருதே" என்றார்.

"நாலுதாங்க," என்றேன். "என் பேரு செல்லதுரை. இவ்வளவு நாள் நீங்க கூட்டினது எங்க அண்ணனோட தேதி. அஞ்சு வயசுல பசியில செத்தான். அவம் பேருலதான் நான் கப்பலேறி வந்தேன். அறிவு தொறந்தவன்னு ஒரு வருசமா நீங்க பாத்த ஆளு இதே நாலுதான். நாப்பது பொண்ணுங்களுக்கும் நான்தான் தாள் எழுதினேன். ஒருத்தி மூஞ்சியையும் பாக்கல. என் அக்கா மக மூஞ்சியையும் பாக்கல."

பிறகு பெண்கள் கொடுத்திருந்த நாற்பது மார்க் லிஸ்ட்டுகளையும் டிரஸ்ட் அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை இதுவரை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, குண்டூசி போட்டபடியே இருந்தன. அந்த அம்மாள் என்னையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார்.  மடியிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். ஆறு பெயர்களையும் நேற்று வாசிக்கவில்லை.

ஐயா கடைசியாக என்னிடம், "கோபத்துல பேசிட்டீங்க தம்பி, அதான் நாலு" என்றார். நான், "ஆமாங்கய்யா" என்றேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊட்டி வந்து, கூடலூர் பஸ் பிடித்தேன். உன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் நடுவட்டத்திலேயே இறங்கிவிட்டேன். பஸ் நிற்கிற இடத்தில் ஜஸ்டஸ் என்பவர் கடையில் டீ ஆற்றுகிறேன்.

காகிதங்களைப் பற்றிப் பயப்படாதே. யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும். நான் வந்தது உண்மை, பசித்தது உண்மை, இருபத்தைந்து வருஷம் இந்த மலையில் வாழ்ந்தது உண்மை. எதை வேண்டுமானாலும் கூட்டி வகுத்துக்கொள்ளட்டும்.

பிரியாவிடம் சொல். அவள் கறுப்பு, உயரம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நீங்கள் மன்றத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் பார்த்தபோது நானும் பார்த்தேன்.

செல்லதுரை


நாலாம் லயம், சேரங்கோடு
22.7.2000

தம்பி செல்லதுரைக்கு,

மேலே உன் பெயரை எழுதிவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷமாக எழுதாத பெயர். எழுத்துக்கூட்டி எழுதினேன்.

டிரஸ்டிலிருந்து பிரியாவுக்குக் கார்டு வந்திருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி நேரில் வரச் சொல்லி, மார்க் லிஸ்ட் மட்டும் போதும், வேறு எந்தத் தாளும் வேண்டாம் என்று. நாற்பது பேருக்கும் போயிருக்கிறதாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் போவேன், வேறே யாரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்கிறாள். அந்த வாயைப் பார்த்தால் சீட்டு கொடுக்காமல் அனுப்ப அவர்களுக்குத் தைரியம் இருக்காது. பாதுகாவலர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவளே எழுதினாள்: செல்லதுரை, தாய்மாமன். காகிதத்தில் இல்லாத பெயரை எழுதுகிறாயே என்றேன். "இப்பத்தானே ஏறியிருக்கு" என்கிறாள்.

நடுவட்டத்தில் யாருக்கோ டீ ஆற்றியது போதும். உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது.

அம்மா இருபத்திரண்டு வருஷமும், அவளுக்குப் பிறகு நான் நாலு வருஷமும், அவனுக்கு ஒரு தடவைகூட இலை போட்டதில்லை. காகிதத்தில் உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் படையல் போடுவது? போட்டால் யாருக்கு என்று நீ கேட்பாய். ஆடி அமாவாசை வரும்போதெல்லாம் அம்மா அப்பாவுக்குப் போட்ட இலையில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் சோறு அதிகமாக வைப்பாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். இப்போது நீ அவன் பெயரை அவனிடமே கொடுத்துவிட்டாய். இனிமேல் அவனைச் செத்தவன் என்று சொல்லி அழலாம்.

வருகிற ஆடி அமாவாசைக்கு வந்துவிடு. பாண்டியனுக்குத் தனி இலை போட வேண்டும். தம்பி உயிரோடு இருக்கும்போது அக்கா போடுவது முறையில்லை, நீதான் போட வேண்டும்.

கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு துண்டு அவன் இலைக்கு. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். உன் பேர் என்ன என்று கேட்பேன். இந்தத் தடவை கிள்ள மாட்டேன்.

அக்கா